சடங்கு அலங்காரம் செய்து தரப்படும்

ஜூலை 6, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்திருந்தாலும் சரி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இதை வேறு யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் டீச்சரிடம் காட்டாதீர்கள். போலீஸிடம் காட்டவே காட்டாதீர்கள். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். என் அம்மா கெட்டவள் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடக் கூடாது.

என் பெயர் இலக்கியா. பதினொன்றாவது படிக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா பெயர் ஜெயக்கொடி. வாசலில் போர்டு இருக்கும்: மணப்பெண், சடங்கு அலங்காரம் செய்து தரப்படும், நகை செட் வாடகைக்குக் கிடைக்கும். ஆண்டிபட்டியைச் சுற்றி எந்த ஊரில் எந்தப் பிள்ளை பெரியவளானாலும் முதலில் தாய்மாமனுக்குச் சொல்வார்கள், அடுத்து அம்மாவுக்குச் சொல்வார்கள்.

இன்று எங்கள் தெருக் காளீஸ்வரிக்குச் சடங்கு. ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா இல்லை. அவள் அம்மா முத்துப்பேச்சி வாழைத் தோப்பில் வேலை பார்க்கிறார். நான் வழக்கம்போல ஹேர்பின்னும் பூவும் எடுத்துக் கொடுத்தேன்.

“அத்தே, மூக்கு அரிக்குது. சொரிஞ்சுக்கிறவா?” என்று காளீஸ்வரி அம்மாவிடம் கேட்டாள்.

“சொரிஞ்சேன்னா அம்புட்டு மேக்கப்பும் போச்சு. அசையாம இரு.”

“அப்ப நீங்களே சொரிஞ்சு விடுங்க.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீப்பின் முனையால் மெதுவாகச் சொரிந்துவிட்டாள். “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்றாள் அவள்.

சீர்த்தட்டு எல்லாம் வந்து, மாலை போட்டு, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அம்மா என்னிடம் போனைக் கொடுத்தாள். “புள்ளைய மட்டும் செவுத்தோரமா நிறுத்தி எடு. பின்னால யாரும் வேணாம். சிரிக்காம ஒண்ணு எடு.” எடுத்தேன். சிரிக்காமல் நின்றால் காளீஸ்வரி காலேஜுக்குப் போகிற பெண் மாதிரி இருக்கிறாள்.

கிளம்பும்போது முத்துப்பேச்சி அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “உங்க கை பட்டதுல எம்புள்ள மகாலெச்சுமி மாதிரி இருக்கா மதினி” என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ரொம்ப நேரம் கை கழுவினாள். பவுண்டேஷன் லேசில் போகாது.

ஜூலை 9, புதன்

மனோகர் மாமா கோழி வாங்கி வந்தார். அம்மா சமைத்தாள், ஆனால் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஜூலை 11, வெள்ளி

பேச்சுப் போட்டி. முதலில் பள்ளிக்கூடத்தில், ஜெயித்தால் முப்பதாம் தேதி தேனியில் மாவட்டப் போட்டி. அன்றைக்கு ஆள் கடத்தல் எதிர்ப்பு நாளாம். திலகவதி டீச்சர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, என்னைப் பார்த்து மட்டும் படித்தார்: “ஆள் கடத்தலுக்குத் தண்டனையைக் கடுமையாக்குவோம்.”

“டீச்சர், இந்தத் தடவை வேற யாராவது பேசட்டுமே” என்றேன்.

“ஏன், தொண்டைல கொழுக்கட்டையா? மைக் இல்லாம கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குற குரல் இந்த ஸ்கூல்ல உனக்குத்தான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மாவிடம் போட்டி என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு நான் மைக் முன்னால் நிற்பது அவ்வளவு பிடிக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா முற்றத்தில் சவுரி முடியை அலசிக்கொண்டிருந்தாள். “பேசிக் காட்டு” என்றாள். நான் நாளைக்கு என்றேன். விடவில்லை.

நடுவர் அவர்களே, அவையோரே என்று ஆரம்பித்தேன். வேலை தருவதாக ஆசை காட்டிச் சிறுமிகளை அழைத்துப்போய் விற்பவர்களைப் பற்றி டீச்சர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அவர்களுக்கு ஆயுள் முழுக்கச் சிறை வேண்டும், ஜாமீன் கூடாது, உடந்தையாக இருந்தவர்களையும் விடக் கூடாது என்று சொன்னேன். டிவியிலும் இரண்டு நாளாக இதேதான் ஓடுகிறது. சட்டத்தை இன்னும் கடுமையாக்கப் போகிறார்களாம்.

“ஆயுள்னா எம்புட்டு வருசம்டி?”

“சாகுற வரைக்கும்னு டீச்சர் சொன்னாங்க.”

“இதுக்கு முந்தி?”

“சில பேரு கொஞ்ச நாள்லயே வெளிய வந்துருவாங்களாம்.”

“கூட நின்னவுகளுக்கும் அதே தண்டனதானா?”

“ஆமாம்மா.”

அம்மா முடியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள். “அந்த எடத்துல கைய ஆட்டாத. நிறுத்தி, சத்தமாச் சொல்லு. கைத்தட்டு வரும்” என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் நான் நகை வைக்கிற அறையில் இருந்தேன். ஸ்கூல் விட்டு வந்தது அவர்களுக்குத் தெரியாது. மனோகர் மாமா வந்திருந்தார். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. சின்ன வயதில் அம்மாதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாள்.

“இதோட விட்ருவம் மனோகரு. டிவியில சொல்றதக் கேட்டேல்ல? எனக்குப் பொட்டப்புள்ள இருக்கு.”

“கேட்டதுனாலதான் சொல்றேன். முன்னாடின்னா வக்கீலப் பாத்து வெளிய வந்துரலாம். இனிமே அப்படி இல்ல. நான் உள்ள போனா நீயும் உள்ள. ஆயுசுக்கும். உம்பொண்ணு ரோட்டுல நிப்பா. அப்ப யாரு ரொம்பப் பயப்படணும், நானா நீயா?”

அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

“நாளைக்கே கெளப்பணும். நாளன்னிக்கு ஆடி பொறந்துருது. முத்துப்பேச்சி ஆடியில புள்ளைய வாசலத் தாண்ட விடமாட்டா. ஆவணி வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது.”

“புள்ளைக்குப் பதினாலுதான் ஆகுது.”

“போட்டோல இருவது மாதிரி இருக்காளே. உங்கைவண்ணந்தான.” அவர் சிரித்தார். “ஆதார்ல வயச மாத்தித் தர ஆள் இருக்கு. அதுவரைக்கும் கம்பத்துல எங்கக்கா வீட்டு மாடியில இருக்கட்டும்.”

சுவர் ஓரமாக எடுக்கிற அந்தப் போட்டோ எந்த ஆல்பத்திலும் வருவதில்லை. இது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்காதீர்கள். போன வருஷம் ஆவணியில் சுகன்யாவையும் அப்படித்தான் எடுத்தேன். துணிக்கடை வேலைக்குப் போனாள். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவள் அம்மா தேடிக்கொண்டு போனவர் இன்னும் ஊர் திரும்பவில்லை.

ஜூலை 16, புதன்

காளீஸ்வரி சொல்லிக்கொண்டு போக வந்தாள். புதுச் சுடிதார், அம்மா எடுத்துக் கொடுத்தது.

“எர்ணாகுளத்துல ஏசிக் கடையாம்க்கா. சேலைய எடுத்து எடுத்துப் போடணுமாம். மேல் மாடியிலயே ஹாஸ்டலாம். லிப்ட்லதான் போகணும் வரணும். எனக்கு லிப்டுன்னா பயம், கண்ண மூடிக்கிருவேன்.”

“படிப்பு?”

“தபால்ல படிக்கலாம்னு ஒங்கம்மாதான் சொன்னாக. அவுக சொன்னா சரியாத்தான இருக்கும்?”

அம்மா அடுப்படியில் இருந்தாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

“பாத்துப் போ” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சேலை மடிப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. ஆறு கெஜம் முழுக்க விரித்து, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்தோம்.

ஜூலை 18, வெள்ளி

போட்டியில் முதல் பரிசு. உடந்தையாக இருந்தவர்களை விடக் கூடாது என்ற இடத்தில் அம்மா சொன்னபடியே கைத்தட்டு வந்தது.

ஒரு தப்பு செய்துவிட்டேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் திலகவதி டீச்சர் கேட்டார். “காளீஸ்வரி உங்க தெருதானே? ரெண்டு நாளா ஏன் வரலை?”

“அவளுக்குச் சடங்கு டீச்சர். வீட்டுல உக்கார வச்சிருக்காங்க.”

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் போதும். எந்த டீச்சரும் மேலே கேட்க மாட்டார். பிள்ளை வாரக்கணக்கில் வராவிட்டாலும் கேட்க மாட்டார். அதற்குப் பிறகு பெயரை அடித்துவிடுவார்கள். சுகன்யாவுக்கும் நான் இதைத்தான் சொன்னேன்.

டீச்சர் என்னையே பார்த்தார். “சடங்குதான் முடிஞ்சு போச்சே. நான் வந்து வளையல் போட்டேனே. நீதானே போட்டோ எடுத்தே?”

“மறந்துட்டேன் டீச்சர்.”

டீச்சர் வளையல் போட்டபோது காளீஸ்வரி, “என்ன டீச்சர், வீட்டுப்பாடமும் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டதும், எல்லோரும் சிரித்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு எப்படி அந்தப் பொய் வாயில் வந்தது என்று தெரியவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் தவறிவிட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை, சத்தியமாக.

ஜூலை 20, ஞாயிறு

முத்துப்பேச்சி அத்தை காலையிலேயே வந்துவிட்டார். தலை கூட வாரவில்லை.

“அந்த டீச்சரம்மா வீட்டுக்கு வந்து என்னென்னமோ கேக்குறாக மதினி. எந்தக் கடை, என்ன பேரு, யாரு கூட்டிட்டுப் போனதுன்னு. எனக்கு என்னா தெரியும்? உங்களக் கேளுங்கன்னேன். எம்புள்ள கொரலை ஒருக்காக் கேட்டுக்கிறேன், போனப் போடுங்க.”

அம்மா போட்டாள். யாரோ ஒரு பெண் எடுத்து, பிறகு காளீஸ்வரியிடம் கொடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஏ தாயி, சாப்ட்டியா? கடை எப்படி இருக்கு?”

“நல்லாருக்கும்மா.”

“லிப்ட்ல போனியாடி?”

“நல்லாருக்கும்மா.”

போன் கட்டாகிவிட்டது. வாய் ஓயாத பிள்ளை. அத்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேலை நேரத்துல பேசுனா மொதலாளி வைவாரோ என்னமோ” என்றார். “டீச்சர் சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டு உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன் மதினி. மனசுல வச்சுக்காதீக.”

அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

மனோகர் மாமா கத்தினார். டீச்சர் எங்கெங்கோ மனுக் கொடுத்திருக்கிறாராம். “அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? யாரு வாய விட்டது?”

அப்புறம் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார். “பதினொன்னாப்பா படிக்கிறே? நல்லா வளந்துட்டே. ஜெயக்கொடி, ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் சோடிச்சு விடுறே, ஒம்மகளுக்கு ஒரு நா சோடிச்சுப் பாக்கலையா?”

அம்மா கையில் முடி சுருட்டுகிற மெஷின் சூடாக இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “அவ பக்கம் திரும்புன, இத உங்கண்ணுல சொருகிருவேன்.”

“சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்த்தா” என்று சிரித்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போகும்போது சிரிப்பில்லை. “வாய் பேசுற புள்ளைக்கு வெளியூர்ல நல்ல கிராக்கி. அத ஞாபகம் வச்சுக்க” என்றார்.

ஜூலை 24, வியாழன்

நேற்றிலிருந்து ஸ்கூலுக்குப் போகவில்லை. அம்மா வெளியே போகும்போது என்னை நகை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். “அவன் வந்தாலும் வருவான், டீச்சர் வந்தாலும் வருவாக. ரெண்டு பேரு கண்ணுலயும் நீ படக் கூடாது” என்றாள்.

இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒட்டியாணம், நெத்திச்சுட்டி, ராக்கொடி எல்லாம் பிளாஸ்டிக் பையில் தொங்குகின்றன. கவரிங் நகைக்கு ஒரு வாசனை உண்டு, நாக்கில் கூட ஒட்டும்.

ஜூலை 25, வெள்ளி

டீச்சர் வந்தார். நான் அறைக்குள் இருந்தேன்.

“காய்ச்சல் டீச்சர். தூங்குறா.”

“அப்படியா. முப்பதாம் தேதி போட்டிக்குப் பேரு குடுத்தாச்சும்மா. கார் வச்சு நானே கூட்டிட்டுப் போறேன்.” டீச்சர் குரலை உயர்த்தினார். அறைக்குக் கேட்க வேண்டும் என்றுதான். “அவளுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா எப்ப வேணாலும் சொல்லலாம்னு சொல்லுங்க. எந்நேரமானாலும் போன் பண்ணலாம். ஒண்ணும் ஆகாது.”

ஒன்றும் ஆகாதா? நான் பேசிய பேச்சை டீச்சர்தானே எழுதிக் கொடுத்தார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வாயைக் கையால் மூடிக்கொண்டேன். டீச்சரின் ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகிப் போன பிறகுதான் கையை எடுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

“காளீஸ்வரி இன்னும் கம்பத்துலதான் இருக்காளாம்மா?”

சீப்பு நின்றது. “எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?”

“அவளை விடச் சொல்லும்மா.”

“என்னைய மட்டும் யாரு விட்டா? எனக்கும் ஒருத்தி இப்படித்தான் தலை பின்னிவிட்டா. அப்ப உன்னவிடச் சின்னவ நான்.” எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

என் அப்பா யார் என்று நான் அம்மாவைக் கேட்டதே இல்லை. செத்துவிட்டார் என்று ஸ்கூலில் எழுதியிருக்கிறது. போட்டோ ஒன்று கூடக் கிடையாது. இனிமேலும் கேட்கப் போவதில்லை.

ஜூலை 28, திங்கள்

ஆதார் வந்துவிட்டதாம். புதன்கிழமை விடியற்காலையில் கிளம்புகிறார்கள். போனில் அம்மா “ம், ம்” என்று மட்டும் சொன்னாள்.

சொன்னால் அம்மா திரும்பி வரமாட்டாள். சொல்லாவிட்டால் காளீஸ்வரி வரமாட்டாள். எப்படித் திருப்பிப் போட்டாலும் இதேதான் வருகிறது. கொஞ்ச வருஷம்தான் ஜெயில் என்றால் நான் போன வாரமே சொல்லியிருப்பேன். காத்திருக்கலாம், ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கலாம். சாகும் வரைக்கும் என்றால் எப்படிச் சொல்வது? சத்தமாகச் சொல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

ஜூலை 29, செவ்வாய்

வேகமாக எழுதுகிறேன்.

மத்தியானம் அம்மா குளிக்கப் போனாள். போன் அலமாரி மேல் இருந்தது. டீச்சர் நம்பர் எனக்கு மனப்பாடம். இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

“டீச்சர், நான் இலக்கியா. காளீஸ்வரி கம்பத்துல இருக்கா. நாளைக்கு விடிகாலையில கேரளாவுக்குக் கொண்டுபோயிருவாங்க.” போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு நகை கொடுக்க அந்த அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறேன். தெருவைச் சொன்னேன். மாடி வீடு, பச்சைக் கேட் என்று சொன்னேன்.

“யாரும்மா கொண்டுபோறது?”

“மனோகர்னு ஒருத்தர்.”

“வேற யாரு இதுல?”

“போட்டோ எடுத்தது நான்தான் டீச்சர்.”

“சரிம்மா, அழாத. யாரு எடுக்கச் சொன்னாங்க?”

திரும்பினால் அம்மா நிற்கிறாள். தலையில் துண்டு, கழுத்தில் தண்ணீர் சொட்டுகிறது. எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் கையிலிருந்து போனை வாங்கினாள். உடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே டீச்சர், “இலக்கியா? இலக்கியா? யாரு எடுக்கச் சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு காதில் வைத்தாள்.

“டீச்சர், பச்சைக் கேட்டுன்னு தேடாதீக. இப்ப நீலம் அடிச்சிருக்கான். பின்பக்கம் இரும்பு ஏணி இருக்கு, அந்த வழியாத்தான் எறங்கி ஓடுவான். அங்கயும் ஆள நிறுத்தச் சொல்லுங்க. புள்ள மாடியில, பூட்டுன ரூம்புல இருக்கா.”

“நீங்க யாரு பேசுறது?”

“ஜெயக்கொடி. எடுக்கச் சொன்னது நான்தான்.”

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் துவட்டினாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். “அழுகாதடி, ஈரம் ஆகுது” என்றாள். யாருக்கு ஈரம் என்று தெரியவில்லை, அவளே நனைந்துதான் இருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா வாடகைக்குப் போயிருந்த நகைகளை யார் யாரிடம் திரும்ப வாங்க வேண்டும் என்று சொன்னாள். கேஸ் சிலிண்டரை எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் ரசம் வைத்தாள். “நாளைக்குப் போட்டிக்குப் போயிரு. டீச்சர் கூட்டிட்டுப் போவாக” என்றாள். நான் போகமாட்டேன் என்றேன். “போகணும்” என்றாள்.

இருட்டியதிலிருந்து மனோகர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மா எடுக்கவில்லை. இப்போது கொஞ்ச நேரமாகக் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. டீச்சரிடமிருந்தும் போன் இல்லை. காளீஸ்வரி கிடைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. அவர் பிடிபட்டுவிட்டாரா, இங்கேதான் வந்துகொண்டிருக்கிறாரா, அதுவும் தெரியவில்லை.

அம்மா வாசல் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல சேலை கட்டியிருக்கிறாள். “யாரு தட்டுனாலும் நீ வெளிய வரக் கூடாது. நான் தொறந்துக்கிறேன்” என்று சொல்லி என்னை இந்த அறைக்குள் அனுப்பினாள். இந்தத் தடவை வெளியே பூட்டவில்லை. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

நான் போடவில்லை. கதவு இடுக்கில் அவள் முதுகு தெரிகிறது. போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று

தட்டுகிறார்கள். மெதுவாகத்தான் தட்டுகிறார்கள். போலீஸ் இப்படித் தட்டுமா? அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து